அட்டைப்பெட்டியில் எழுதியிருந்த ஊர்

1987இல் துபாய் விமான நிலையத்தில் ஊருக்குக் கிளம்புகிறவரை முகம் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம். நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டிய அட்டைப்பெட்டி, அதன்மேல் மார்க்கரால் எழுதிய பெயர், பாஸ்போர்ட் எண், கீழே கொட்டை எழுத்தில் ‘மெட்ராஸ்’. உள்ளே நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், யாஷிகா கேமரா, சீக்கோ கடிகாரம், இடுக்கில் செருகிய யார்ட்லி பவுடர். பெட்டியைப் பிரித்ததும் எங்கள் மாமா டூ-இன்-ஒன்னைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பார்ப்பார். அடியில் ‘மேட் இன் ஜப்பான்’ இருந்தால் முகம் மலரும். தைவான் என்றிருந்தால் “சரி, பாடுதான்னு பார்ப்போம்” என்று வைத்துவிடுவார்.

சீனா அப்போது அந்தப் பேச்சிலேயே இல்லை. டெய்ராவில் நான் வேலை பார்த்த மொத்தக் கடையில் சீனச் சரக்கு என்றால் டார்ச் லைட், பிளாஸ்க், பூட்டு, குடை. அவையும் எங்களுக்கில்லை, க்ரீக் கரையில் வரிசையாகக் கட்டியிருக்கும் லாஞ்சிகளில் ஏறி சோமாலியாவுக்கும் ஈரானுக்கும் போவதற்கு. நமக்குத் தெரிந்த ஒரே சீனச் சாமான் ஹீரோ பேனா. தங்க நிற மூடி போட்ட அந்தப் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்ட பையனுக்கு வகுப்பில் தனி மரியாதை இருந்தது.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. தமிழில் ‘சீன’ என்ற அடைமொழி நெடுங்காலம் உசத்திக்குத்தான் ஒட்டியது: சீனப்பட்டு, சீனாக் கற்கண்டு. சர்க்கரைக்கே சீனி என்றுதான் பெயர். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தோண்டியபோது கிடைத்தவற்றில் சீனப் பீங்கான் ஓடுகளும் உண்டு. ராஸ் அல் கைமாவின் பழைய ஜுல்ஃபார் துறைமுகத்திலும் அதே கதை. அந்தக் காலத்துச் செல்வர் வீட்டுச் சாமான் அது. ‘சைனா பீஸ்’ என்று உதட்டைப் பிதுக்குவது நம் தலைமுறையின் பழக்கம். ஜப்பான் அடைமொழிக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். மலிவு ஜப்பான் துணிக்கு அஞ்சி 1933இல் பிரிட்டிஷ் இந்திய அரசு பிரிட்டனுடையது அல்லாத பருத்தித் துணிக்கு 75 சதவீத வரி போட்டது. அதே காலத்தில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் படுக்கவைத்தன. கீழைநாட்டு மலிவுச் சரக்கு சந்தையைக் குலைத்த கதையை எண்ணெய் காண்பதற்கு முன்பே பார்த்துவிட்ட கரை இது.

எங்கள் கடை முதலாளி கீழக்கரைக்காரர். எல்லோருக்கும் அவர் காக்கா. தொண்ணூறுகளின் நடுவில் முதல்முறை குவாங்சோ போய்வந்தவர், மூன்று சீலிங் ஃபேன் மோட்டார்களை மேசைமேல் வைத்து, “தூக்கிப் பாரு” என்றார். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். கையில்தான் வித்தியாசம். ஒன்று கனத்தது. ஒன்று கொஞ்சம் லேசு. மூன்றாவதை ஒரு விரலில் தொங்கவிடலாம்.

“கனமா இருக்குல்ல, அது முழுச் செம்புக் கம்பி. அடுத்ததுல கம்பி மெல்லிசு. மூணாவது அலுமினியம். ஒரே ஃபேக்டரி, ஒரே மேஸ்திரி. எது வேணும்னு அவன் என்கிட்டதான் கேட்டான்.”

“நீங்க எதைச் சொன்னீங்க காக்கா?”

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் வந்த கன்டெய்னரில் முக்கால்வாசி மூன்றாவது ரகம்.

சீனப் பொருள் உழைக்காது என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த மூன்று மோட்டார்கள்தான் நினைவுக்கு வரும். ஒரே பட்டறை ஐரோப்பாவுக்கு ஒன்று செய்தது, நமக்கு ஒன்று செய்தது. கம்பியின் கனத்தைத் தீர்மானித்தது விலை பேசியவர். நம் ஊர்ப் பஜாரில் எரிந்துபோன மின்விசிறிக்குத் திட்டு வாங்கியது மட்டும் சீனாக்காரன். (நானும் ஓர் எமர்ஜென்சி விளக்கு வாங்கிக்கொண்டு போய், முதல் மின்வெட்டிலேயே அது கண்ணை மூட, வீட்டில் பேச்சு வாங்கியவன்தான். நானும் அவனைத்தான் திட்டினேன்.)

2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2004இல் துபாய்-ஹத்தா சாலையில் டிராகன் மார்ட் திறந்தார்கள். டிராகன் உடம்புபோல வளைந்து 1.2 கிலோமீட்டர் நீளும் கட்டடம். ஒரு முனையில் குளியலறைக் குழாய் பார்க்கத் தொடங்கினால் மறுமுனை சோபாவுக்குள் கால் வலித்துவிடும். கடைக்காரப் பெண்ணுக்கு நம் பேச்சு புரியாது, நமக்கு அவர் பேச்சு புரியாது. கால்குலேட்டரில் 120 என்று தட்டிக் காட்டுவார். நாம் வாங்கி 60 என்று தட்டுவோம். அவர் நெஞ்சில் கை வைத்து அதிர்ச்சி காட்டி 90 என்பார். நவீனப் பொருளாதாரத்தின் முழுப் பேரமும் ஒரு சொல் இல்லாமல் நடந்து முடியும்.

அங்கே வருகிறவர்கள் எல்லோரும் திரைச்சீலை வாங்கும் குடும்பஸ்தர்கள் இல்லை. நைரோபிக்காரர், கார்ட்டூம்காரர், தெஹ்ரான்காரர் என்று மொத்தத்தில் எடுப்பவர்கள் பலர். இங்கேதான் இன்னொரு தவறான எண்ணம் பிறக்கிறது. ஷாங்காயில் ஏறி ஜபல் அலியில் இறங்கும் கன்டெய்னர் சீனக் கணக்கில் ‘அமீரகத்துக்கு ஏற்றுமதி’. அதில் பெரும் பங்கு பெட்டி பிரியாமலே வேறு கப்பலிலோ லாஞ்சியிலோ ஏறிப் போய்விடும். ஒரு கோடி சொச்சம் பேர் வாழும் நாடு இத்தனை சாமானை என்ன செய்கிறது என்று தலைப்புச் செய்தியைப் பார்த்துத் திகைப்பவர்கள், வாசலை வீடு என்று எண்ணிவிடுகிறார்கள். இரு நாட்டு வர்த்தகப் புள்ளிவிவரம் சரக்கு எந்த வாசலில் நுழைந்தது என்று சொல்லும். யார் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தது என்பது பல நேரம் அதில் தெரியாது.

வரி விஷயமும் அப்படித்தான். 2018இல் அமெரிக்கா சீனச் சரக்குக்குச் சுங்கவரி ஏற்றியபோது அதைச் சீனா கட்டும் என்று டிரம்ப் சொன்னார். உலகத்தில் பாதிப்பேர் நம்பினார்கள். டெய்ராவில் கிளியரிங் வேலை பார்க்கும் எந்தப் பையனிடமும் அது எடுபடாது. 2003 முதல் வளைகுடா நாடுகளுக்குப் பொதுவான சுங்கவரி 5 சதவீதம். சரக்கு விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி, அதன்மேல் 5 சதவீதத்தைக் கட்டினால்தான் பெட்டி வெளியே வரும். கட்டுவது காக்கா. குவாங்சோக்காரன் எந்தக் காலத்திலும் துபாய் சுங்கத்துக்கு ஒரு திர்ஹம் அனுப்பியதில்லை. சுமை தாங்காமல் அவன் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், அது பேரம். ரசீது காக்கா பெயரில்தான்.

சீனா விற்கும், வாங்காது என்பார்கள். 1993இலேயே அது எண்ணெயில் நிகர இறக்குமதி நாடாகிவிட்டது. இன்று உலகிலேயே மிக அதிகமாகக் கச்சா எண்ணெய் இறக்குமதி செய்வது அதுதான். ஓமன் விற்கும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. சவூதி அரேபியா பல ஆண்டுகள் சீனாவுடனான வர்த்தகத்தில் உபரி பார்த்த நாடு. ஏற்றுமதி இல்லாவிட்டால் சீனா விழுந்துவிடும் என்ற பேச்சும் பழசாகிவிட்டது. 2006 வாக்கில் அதன் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏற்றுமதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இப்போது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்.

2024 ஜூனில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. சவூதியும் அமெரிக்காவும் போட்ட ஐம்பது வருட பெட்ரோடாலர் ஒப்பந்தம் 9ஆம் தேதியோடு முடிந்தது, இனி எண்ணெய் யுவானில், டாலர் காலி. ரியாத்தில் இருக்கும் என் மச்சான் கையில் உள்ள டாலரை உடனே மாற்றிவிடலாமா என்று போன் போட்டார். அப்படி ஓர் ஒப்பந்தமே கிடையாது. 1974 ஜூனில் இரு நாடுகளும் ஏற்படுத்தியது பொருளாதார ஒத்துழைப்புக்கான கூட்டுக் குழு. டாலரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. வதந்தியில் ஒரு நூல் உண்மையும் உண்டு. 2023 மார்ச்சில் அமீரகத்தின் திரவ எரிவாயு சுமார் 65,000 டன் ஷாங்காய்ச் சந்தை வழியே யுவானில் கைமாறியது. ஆனால் மச்சான் வாங்கும் சம்பளத்தைப் பாருங்கள். 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால். என் சம்பளத்தில் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். நாணயத்தை டாலரோடு கட்டிப்போட்டவர்களுக்குக் கையில் டாலர் இருந்தாக வேண்டும். யுவானோ, நினைத்தபடி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாத பணம். அதை மலையாகக் குவித்துவைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? இன்னொன்று: நாணய மதிப்பைக் கட்டிப்போட்டது சீனாவின் மோசடி என்று திட்டுபவர்களும் இதே திர்ஹமில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். சீனா 2005 ஜூலையிலேயே அந்தக் கட்டை அவிழ்த்துக் கொஞ்சம் தளர்த்திவிட்டது.

காக்கா இப்போது ஊரில். மகன் கடையைப் பார்க்கிறார். மொத்த வியாபாரம் மெலிந்துவிட்டது. நைரோபிக்காரர் வீசாட்டில் சீனாவின் ஈவூவிலிருந்து நேரே வரவழைத்துக்கொள்கிறார், நடுவில் டெய்ரா எதற்கு? சீனாக்காரன் வந்து கெடுத்துவிட்டான் என்று மகன் ஒருநாள் புலம்பினார். காக்காவின் வீடும் கீழக்கரையில் கட்டிய மாடியும் அதே சீனாக்காரன் மோட்டாரில் வந்தவை என்று சொல்ல நினைத்தேன், தேநீர் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஜபல் அலியில் பாரத் மார்ட்டுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள், டிராகன் மார்ட் மாதிரி நமக்கும் ஒன்று. ஒரு கடை எடுக்கலாமா என்று அவருக்கு யோசனை.

போன மாதம் தங்கை மகன் ஊருக்குக் கிளம்பினான். அட்டைப்பெட்டி இல்லை, சக்கரம் வைத்த பெட்டி. டாங், நிடோ, பேரீச்சம்பழம், அவன் அப்பாவுக்கு ஒரு புது ஐபோன். ஊரைவிட இங்கே விலை குறைவாம். 2009 மாடல் ஐபோன் ஒன்றின் தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர் என்றும், அதில் சீனாவில் பூட்டிய கூலி வெறும் 6.50 டாலர் என்றும் இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். மீதியில் பெரும்பகுதி ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்க உதிரிபாகங்களுக்கு. ஏற்றுமதிக் கணக்கில் மட்டும் முழுத் தொகையும் சீனா தலையில். அதை அவனுக்கு விளக்கிக்கொண்டே, மாமா செய்ததுபோலப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ‘அசெம்பிள்டு இன் இந்தியா’ என்றிருந்தது.

“ஸ்ரீபெரும்புதூரா இருக்கும் மாமா,” என்றான் அவன். “அங்கதான் செய்றாங்க.” பெட்டியை வாங்கி, பேரீச்சம்பழத்துக்கும் டாங்குக்கும் நடுவே பத்திரமாகச் செருகினான். இரவு விமானம் திருச்சிக்கு.