பழைய பத்மினியும் ஐடில் கோளாறும்

நம் மும்பை அன்பர்கள் சிலரிடம் பிரீமியர் பத்மினி கார் இன்னமும் ஓடுகிறது. 2023 அக்டோபரில் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் விடைபெற்றுவிட்டன. ஆனாலும் சொந்த வண்டியை ஆசையோடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஓடும்போது நன்றாக இருக்கிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது."

உடனே மெக்கானிக் ஐடில் திருகை முடுக்கி வேகத்தைக் கூட்டிவிடுவார். வண்டி அணையாது, கோளாறு அப்படியே இருக்கும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். மேலும், பி.யூ.சி. சோதனையில் புகையை ஐடிலில்தான் அளக்கிறார்கள். இத்தகைய பழைய பெட்ரோல் கார்களில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சான்றிதழ் இல்லாவிட்டால் வண்டியை வெளியே எடுக்க முடியாது.

ரயில்வேயில் நான் கற்ற முறை, காரணத்தைக் கண்டபின் ஸ்பானரை எடுப்பது. இங்கும் அதுவே பொருந்தும்.

முதலில் தீப்பொறி. நாலு பிளக்கையும் கழற்றி முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிளக் இடைவெளி சுமார் 0.6 மி.மீ. இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் தீய்ந்து குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, காற்றுக் கசிவு. எஞ்சின் சூடானபின் சோக்கைச் சற்றே இழுங்கள். ஓட்டம் சீரானால் கலவையில் காற்று மிகுதி என்று பொருள். கார்பரேட்டர் அடிப்பாகத்திலும் மேனிஃபோல்டு இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவுங்கள். எங்கே தடவும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ, அங்கே பாக்கிங் போய்விட்டது. சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள்; வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

மூன்றாவது, பைலட் ஜெட். ஐடிலில் பெட்ரோல் வருவது இந்தச் சிறு துளை வழியாகத்தான். வேகமாக ஓடும்போது மெயின் ஜெட் பெட்ரோல் கொடுப்பதால் இதன் அடைப்பு தெரிவதில்லை. கழற்றி சைக்கிள் பம்பால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

இவையெல்லாம் சரியானபின் திருகுகளுக்கு வாருங்கள். கலவைத் திருகை மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து எஞ்சினைக் கிளப்புங்கள். சூடானபின், எந்த நிலையில் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐடில் திருகால் வேகத்தைக் குறையுங்கள். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கராஜில் புகை உயிருக்கே ஆபத்து.

கடைசியாக ஒன்று. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது கலவையைச் சற்று வறட்சியாக்கும், ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துவிடும். வாரம் ஒருமுறையேனும் வண்டியைச் சற்றுத் தூரம் ஓட்டி வாருங்கள்; ஜெட் அடைப்பு பாதி குறையும்.