வீட்டு வாசலில் கார் வாட்டர் வாஷ்: தொழிலைத் தீர்மானிக்கும் தண்ணீர்க் கணக்கு

கார் நிற்கும் இடத்திற்கே சென்று அதைக் கழுவித் துலக்கித் தரும் நடமாடும் சேவை, கடை வாடகையோ கட்டடமோ இல்லாமல் தொடங்கத்தக்கது என்பதால், சிறு முதலீட்டுத் தொழில்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும், வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் இடத்தோடு சேர்ந்தே அமைந்துவிடும் தண்ணீர், மின்சாரம், வடிகால் ஆகிய மூன்றும் இங்கு தொழில் நடத்துபவரின் பொறுப்பாகிவிடுவதால், அவற்றுள் முதலாவதான தண்ணீரை அவர் எப்படிக் கையாளுகிறார் என்பதே வரவையும் செலவையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

நிமிடத்திற்கு 10 லிட்டர் பாயும் ரப்பர் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டால் 100 லிட்டர் செலவாகும். 200 லிட்டர் தொட்டியின் நீர் மட்டுமே 200 கிலோ எடையுள்ளது; சிறிய சரக்கு ஆட்டோவில் அதைச் சுமந்து சென்றாலும் இரண்டு கார்களோடு தீர்ந்துவிடும். மாறாக, 'ரின்ஸ்லெஸ் வாஷ்' எனப்படும் அலசத் தேவையற்ற முறையில், அழுக்கைச் சூழ்ந்து வழுக்கச் செய்யும் திரவத்தை ஒரு வாளி நீரில் கலந்து மென்துணியால் துடைப்பதால், ஏறத்தாழ 10 லிட்டரே போதுமானதாகிறது. ஆனால், சேறு படிந்த காரை முதலில் நீர் பீய்ச்சிக் கழுவாமல் இம்முறையில் துடைத்தால், மண் துகள்களே பெயின்டைக் கீறிவிடும்.

இச்சிக்கனம் செலவுக்காக மட்டுமன்று. 2019 கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், வாகனம் கழுவக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. குழாயை மட்டுமே நம்பிய தொழில் இத்தகைய மாதங்களில் நின்றுபோகும்.

தண்ணீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியமானது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர், வெயிலில் சூடேறிய உடற்பகுதியில் காயும்போது வெண்புள்ளிகளாகப் படிந்து, நாளடைவில் பெயின்டையே அரிக்கக்கூடும் என்பதால், நிழலில் கழுவி உடனே ஈரத்தைத் துடைத்தெடுப்பது இன்றியமையாதது. ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீர் இலவசமாகக் கிடைத்தாலும், அதில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் இறுதி அலசலுக்கு அது உகந்ததன்று.

கழுவுவதற்கு அப்பாற்பட்ட நுண்பராமரிப்பே டீட்டெய்லிங் எனப்படுகிறது. நிறப்பூச்சின் மேலுள்ள நிறமற்ற காப்புப் படலமான 'கிளியர் கோட்' தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் என்பது அப்படலத்தைச் சிறிதளவு தேய்த்து எடுத்துக் கீறலை மறைக்கும் வேலையாதலால், அதை ஒரு காருக்குத் திரும்பத் திரும்பச் செய்ய இயலாது. சிலிக்கா அடிப்படையிலான செராமிக் கோட்டிங் கீறலைச் சரிசெய்யாமல் அதன் மேலேயே படிவதால், பாலிஷுக்குப் பின்னரே அதைப் பூச வேண்டும். எனவே, புதிதாகத் தொடங்குபவர் கழுவுதல், உட்புறத் தூய்மை, மெழுகுப்பூச்சு ஆகியவற்றோடு நின்று, காயலான் கடையில் வாங்கிய பழைய பானெட்டில் பாலிஷ் மெஷினைப் பழகிய பிறகே அடுத்த படிக்குச் செல்வது நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதச் சம்பளத்திற்கு நாள்தோறும் கார் துடைப்பவர்களோடு விலையில் போட்டியிடுவது கடினம். ஒரே துணியால் பல கார்களைத் துடைக்கும்போது சுழல் வடிவில் விழும் கீறல்களைத் தவிர்ப்பதற்காக, ஷாம்பு நீருக்கும் துணி அலசுவதற்கும் தனித்தனி வாளிகள், சக்கரங்களுக்கு வேறு துணி என்ற ஒழுங்கைக் கடைப்பிடிப்பதிலேயே புதியவரின் தனித்தன்மை அமையும்.

முறைப்படி தொழில் நடத்த, சிறுதொழில் பதிவுக்கான உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடன் பெற வழியுண்டு. சேவையின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும். சோப்பு நீர் மழைநீர் வடிகால் வழியே ஆற்றில் கலக்காதபடி, அதை எங்கே விடுவது என்பதைக் குடியிருப்போர் சங்கத்துடன் முன்னரே பேசி முடிவு செய்ய வேண்டும். ஒரே வளாகத்தில் ஒரு நாளில் பத்துக் கார்கள் கிடைத்தால் பயணச் செலவு குறைவதோடு, காருக்கு ஒரு வாளிக் கணக்கில் 100 லிட்டர் தொட்டியே அன்றைய வேலைக்குப் போதுமானதாகிவிடுகிறது.