அணில் எங்க?

திரையும் தொட்டிலும் – 9

அக்கா மகள் கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்தாள். "மாமா, பாருங்க. இவ அ-வுலேர்ந்து ஃ வரைக்கும் சொல்லுவா." பேத்திக்கு இரண்டரை வயது. பாட்டு தொடங்கியதும் தோளைக் குலுக்கிக்கொண்டு கூடவே பாடினாள். அணில், ஆடு, இலை, ஈ... ஔவையாரை 'அவ்வா' ஆக்கியதைத் தவிர ஒரு பிசகும் இல்லை. எல்லோரும் கைதட்டினோம்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பெரிதாக ஒரு 'அ' போட்டு நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அணில் எங்க?"

நியாயமான கேள்வி. அந்த வீடியோவில் அணில் மரமேறுகிறது, கொய்யாப்பழம் கடிக்கிறது, வாலை ஆட்டுகிறது. 'அ' மூலையில் சும்மா நிற்கிறது. குழந்தையின் கண் எதன் பின்னால் போகும்? அவள் கற்றுக்கொண்டது பதின்மூன்று சொற்கள் கொண்ட ஒரு பாட்டு. எழுத்து அதற்குள் இன்னும் வரவில்லை. ஆங்கிலப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஏ பி சி பாட்டில் எல், எம், என், ஓ, பி ஐந்தையும் சேர்த்து 'எலமெனோபி' என்று ஒரே எழுத்தாக விழுங்கிவிடுவார்கள். நம் திண்ணைப் பள்ளியிலும் 'ஆனா ஆவன்னா' ராகமாகத்தான் ஓடியது. ஆனால் அங்கே விரல் மணலில் இருந்தது. வாய் ஓடினாலும் விரல் ஓட முடியாது.

போன வாரம், 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகளுக்கான டிவி நிகழ்ச்சியின் ஆய்வாளர் எட்வர்ட் பால்மரைப் பார்த்தோம். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் திரையை வைத்து, ஏழரை விநாடிக்கு ஒரு முறை அதில் படத்தை மாற்றுவார். குழந்தையின் பார்வை எந்த இடத்தில் டிவியை விட்டு நழுவுகிறது என்று குறித்துக்கொள்வார். நழுவிய காட்சிக்குக் கத்தரிதான். (ஏழரை பிடித்தது குழந்தைகளை அல்ல, எழுத்தாளர்களை.) அந்தப் பால்மரின் குழுவையே அசரவைத்த ஒரு துண்டுப் படத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

1969 நவம்பர் 10-இல் நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கும் முன்பே எடுத்த படம் அது. நடித்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். பின்னாளில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் டார்த் வேடருக்கும், 'லயன் கிங்' முஃபாசாவுக்கும் குரல் கொடுத்தவர். மொட்டைத் தலையோடு கேமராவை நேராகப் பார்க்கிறார். அணில் இல்லை, ஆட்டம் பாட்டம் எதுவுமே இல்லை. தலைக்குப் பக்கத்தில் 'ஏ' எழுத்து தோன்றுகிறது. அவர் உடனே சொல்வதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார். நமக்கே 'சொல்லித் தொலையேன்யா' என்றிருக்கும். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அந்தக் குரல்: ஏ. மறுபடியும் காத்திருப்பு. அடுத்த எழுத்து. 26 எழுத்தைச் சொல்லி முடிக்கச் சுமார் ஒன்றரை நிமிடம்.

குழந்தைகள் என்ன செய்தார்கள் என்பதுதான் விசேஷம். முதல் தடவை அவர் சொன்ன பிறகு சொன்னார்கள். சில தடவை பார்த்ததும், எழுத்து தோன்றிய உடனே, அவர் வாய் திறக்கும் முன்பே கத்தினார்கள். அவர் சொல்லும்போது, தாங்கள் சொன்னது சரிதானா என்று சரிபார்த்துக்கொண்டார்கள். இதற்கு 'ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் விளைவு' என்றே பெயர் விழுந்துவிட்டது. எழுத்துக்கும் குரலுக்கும் நடுவே இருந்த அந்த வெற்றிடம்தான் வாத்தியார் வேலை பார்த்தது.

இதில் ஒரு செய்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜோன்ஸுக்குச் சிறுவயதில் கடுமையான திக்குவாய். பல வருடம் பள்ளியில் ஏறக்குறைய ஊமையாகவே இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் கவிதையை உரக்க வாசிக்க வைத்த பிறகுதான் பேச்சு திரும்பியது. ஒரு சொல் வெளியே வருவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1996-இல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' இதே இடைவெளியை முழு நிகழ்ச்சியாகவே ஆக்கியது. தொகுப்பாளர் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை திரையிலிருந்து நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார். இன்னொன்றும் செய்தார்கள். ஒரே அத்தியாயத்தைத் திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாளும் போட்டார்கள். பெரியவர்களுக்குத் தலைவலி. குழந்தைகளோ நாள் ஏற ஏற இன்னும் அதிகமாக வாய்விட்டுப் பதில் சொன்னார்கள்.

இன்று இந்தத் தொழிலில் நம் ஊரும் சேர்த்தி. 2013-இல் சென்னையில் தொடங்கிய சூசூ டிவியின் பாட்டுகளை உலகம் முழுக்கக் குழந்தைகள் பார்க்கிறார்கள். ஆனால் பொதுவாகவே இப்போதைய எழுத்துப் பாட்டுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. மூச்சுவிட இடமில்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கிறது.

கைக்குழந்தைக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைகள், நேரில் ஒருவர் சீன மொழியில் பேசி விளையாடியபோது அதன் ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வயதுக்குள் திரை கூடாது, அதற்கு மேல் ஐந்து வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் அதே பாட்டைப் போட்டு, 'இ' வந்ததும் விரலால் நிறுத்தினேன். அவளுக்குக் கோபம். "தாத்தா, போடு!" நான் ஜோன்ஸாகி, பேசாமல் அவளையே பார்த்தேன். வழுக்கை ஏற்கெனவே இருக்கிறது, குரலுக்குத்தான் எங்கே போவது? மூன்றாம் நாள், நிறுத்தியதும் "இலை" என்றாள். நான்காம் நாள், இலை முளைப்பதற்கு முன்னாலேயே "இ."

'அ' மட்டும் படிவதாக இல்லை. அந்தச் சுழியும் வளைவும் பெரியவர்களுக்கே ஒரு வேலை. அதனால் வரிசையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "அ இல்லாம என்னடா படிப்பு?" நேர்கோட்டில் முடியும் 'ட', 'ப' இரண்டையும் கோலப்பொடியில் விரலால் இழுத்துக் காட்டினேன். தட்டு முழுக்க அழித்து அழித்துப் போட்டாள். தரையிலும்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதற்காக அக்கா ஸ்டூலைத் தூக்கிக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. இட்லி வாயோடு வந்தவள் அதன் எதிரே நின்றாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

"தாத்தா, ப."

(தொடரும்)