மருந்திலும் தவணை தவறாதீர்

சென்ற கார்த்திகைத் திங்களில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றினை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். பேரேடுகளைப் புரட்டி வருகையில், தவணை தவறியோர் பட்டியலில் ஓர் அங்கத்தினரின் பெயரைக் கண்டு வியப்புற்றோம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு தவணையேனும் தவறாதவர் அவர். கூலிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். புரட்டாசி நடுவிலிருந்து ஐப்பசி முடியும்வரை அவர் பெயருக்கு நேரே ஒரு சேலையும் பதிவாகவில்லை. தீபாவளிச் சரக்கிற்காக ஊரெல்லாம் இரவும் பகலும் தறியோசை கேட்கும் காலத்தில் இவர் தறி மட்டும் ஏன் ஓய்ந்தது? காரியதரிசியைக் கேட்டோம். “காலில் புண், ஐயா” என்றார். ஆய்வு முடிந்ததும் அந்த அங்கத்தினரின் இல்லத்திற்குச் சென்றோம்.

நடந்தது இதுதான். குழித்தறியில் மிதிக்கும் காலில் சிறு கீறல் ஒன்று ஏற்பட்டது. அது சீழ் பிடித்துக் கணுக்காலுக்கு மேல் சிவந்து வீங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் ஏழு நாட்களுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாளே வீக்கம் வடிந்தது. “வலி போய்விட்டதே, மீதியை வைத்திருந்தால் வேறொரு சமயம் உதவுமே என்று நிறுத்திவிட்டேன், ஐயா. தம்பி மகனுக்குச் சளி என்றார்கள், அவனுக்கும் நாலு மாத்திரை கொடுத்தேன்” என்றார் அவர்.

பத்தே நாட்களில் வீக்கம் மீண்டது. இம்முறை கடுங்காய்ச்சலும் உடன் வந்தது. பதினொரு நாள் மருத்துவமனையில் ஊசி மருந்து, அதன்பின் வீட்டில் ஓய்வு என்று பண்டிகைக் காலம் முழுவதும் கழிந்தது. பையனுக்கோ உடம்பெல்லாம் செந்தடிப்பு எழும்பியது. சளி தன் நாளில்தான் போயிற்று. சிக்கனத்தை நமது இயக்கம் தொன்றுதொட்டுப் போதித்து வருகிறது. ஆனால், அவர் சிக்கனம் என்று எண்ணிச் செய்ததே அவருக்குப் பெருநட்டமாய் முடிந்தது. இந்நட்டம் நம் அங்கத்தினர் வேறெவர்க்கும் நேராதிருக்க வேண்டும் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதுகிறோம்.

எதைக் கொல்லும், எதைக் கொல்லாது

கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் பலவகை. அவற்றுள் பாக்டீரியா ஒருவகை, வைரஸ் மற்றொருவகை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும் அல்லது வளரவொட்டாமல் தடுக்கும். சீழ்ப்புண், சிறுநீர்த் தாரையில் ஏற்படும் தொற்று, டைபாய்டு, சிலவகை நிமோனியா ஆகியவை பாக்டீரியாவால் வருவன. சாதாரணச் சளி, இன்புளுயன்சா, டெங்கு, அம்மை ஆகியவை வைரசால் வருவன. தொண்டை வலியிலும் பெரும்பாலானது வைரசால் விளைவதே. இவற்றுக்கு ஆன்டிபயாடிக் உண்பது, களைக்கு உரமிட்டுவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பதை ஒக்கும். பயன் சிறிதும் இல்லை. தீங்கு மட்டும் உண்டு.

பாக்டீரியாவிலும் ஒன்றுக்கு ஏற்ற மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. கழனியிலும் புதரோரங்களிலும் உழைக்கும் நம் விவசாய அங்கத்தினர்கள் இதனைக் குறிப்பாக அறிந்திருத்தல் வேண்டும். புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் கடியினால் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. தமிழ்நாட்டில் மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் இது மிகுதி. கடித்த இடத்தில், தீயிற் சுட்டாற்போன்ற கரிய பொருக்கு ஒன்று சிலருக்குத் தோன்றும். இக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் என்னும் மருந்து நன்கு கேட்கும். பலர் வீட்டில் மிச்சம் வைத்திருக்கும் அமாக்சிசிலினோ இதனை ஒன்றும் செய்யாது. முன்பு வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டு நான்கு நாள் காத்திருப்பவர், அந்த நான்கு நாட்களில் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதுபட இடங்கொடுத்தவராவார். ஆதலின், எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும்.

பொதுச் சொத்து ஒன்று அழிகிறது

1928ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங், பூஞ்சணம் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள பாக்டீரியாவை அழிப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே பென்சிலின். ஆக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் அதனை மருந்தாக்கினர். 1945ஆம் ஆண்டில் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். பரிசு பெற்ற அவ்வாண்டிலேயே பிளெமிங் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: போதாத அளவில் மருந்தை உண்டால், கிருமிகள் அழியாமல் அம்மருந்தைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடும் என்பதே அது.

இவ்வெச்சரிக்கையின் பொருள் நம் விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். ஒரே பூச்சிமருந்தை ஆண்டுதோறும் தெளித்த வயலில் என்ன நேருகிறது? மெலிந்த பூச்சிகள் மடிகின்றன. தாங்கும் திறனுடையவை பிழைத்துப் பெருகுகின்றன. சில ஆண்டுகளில் அம்மருந்து தண்ணீருக்குச் சமமாகிவிடுகிறது. நம் உடலிலும் இதுவே நிகழ்கிறது. தேவையில்லாமல் உண்ணும் ஒவ்வொரு மாத்திரையும் தாங்கும் கிருமிகளுக்கு வழி திறந்துவிடுகிறது. அக்கிருமிகள் உண்டவரோடு நிற்பதில்லை. கை வழியாகவும் நீர் வழியாகவும் பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் செல்கின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவினால் உலகெங்கும் நேரடியாக மாண்டவர் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

சங்கத்தின் சேமநிதி எவ்வொருவருக்கும் தனியுடைமையன்று; எனினும் ஒவ்வொருவருக்கும் அது காப்பு. அந்நிதியை ஒருவர் முறைகேடாக எடுத்தால் அனைவரும் நலிவர். ஆன்டிபயாடிக் மருந்தின் ஆற்றலும் அத்தகையதே. நாளை பிரசவத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ நம் வீட்டுப் பெண்ணைக் காக்க வேண்டிய மருந்தை, இன்று ஒரு சளிக்காக நாம் செலவழித்துவிடலாகாது.

ஒழுங்காக உண்பதன் பயனுக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1956ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளில் ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை செய்து ஒப்பிட்டனர். வீட்டிலிருந்தவர் நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்த ஏழை மக்கள். நல்லுணவும் ஓய்வும் அவர்களுக்குக் குறைவு. அவ்வாறிருந்தும், மருந்தை ஓராண்டு ஒழுங்காக உண்டமையால் அவர்களும் ஏறத்தாழ மற்றவர்க்கு நிகராகக் குணமடைந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியது. ஏழைக்கும் நோய் தீரும்; மருந்தில் ஒழுங்கு வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

மருத்துவரிடம் செல்கையில் சிலவற்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். முன்பு ஏதேனும் மருந்தினால் தடிப்போ மூச்சுத் திணறலோ ஏற்பட்டதுண்டா, கருவுற்றிருக்கிறாரா, பாலூட்டுகிறாரா, சிறுநீரக அல்லது கல்லீரல் நோய் உண்டா, நாள்தோறும் உண்ணும் வேறு மருந்துகள் யாவை என்பவை அவை. மருந்தின் பெயரையும், எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்பவற்றையும் கேட்டு அறிந்துகொள்ளல் வேண்டும். எழுத்தறியாதவர் பிறரைக் கொண்டு சீட்டில் குறித்துக்கொள்ளலாம். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

மூன்று வேளை என்றால் ஏறத்தாழ எட்டு மணிக்கு ஒருமுறை என்று கொள்க. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கலாகாது. டாக்சிசைக்ளினை நிறைந்த ஒரு குவளைத் தண்ணீருடன் உண்டு, அரைமணி நேரமாவது படுக்காமல் இருத்தல் வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். அதை உண்ணும் நாட்களில் வெயில் தோலை எளிதில் சுடும். வயலுக்குச் செல்வோர் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணிக. சிப்ரோபிளாக்சசின் போன்ற சில மருந்துகளைப் பாலுடனோ இரும்புச்சத்து மாத்திரையுடனோ உண்டால் அவை உடலிற் சரிவரச் சேரா.

குழந்தைகளுக்கான மருந்து எடைக்கேற்ப அளவிடப்படுவது. பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது தவறு. தூளாக வரும் மருந்தில், காய்ச்சி ஆறிய நீரைக் குறியிட்ட கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் குலுக்கியே கொடுத்தல் வேண்டும். சமையற் கரண்டியை நம்பாமல், உடன் வரும் அளவு மூடியைப் பயன்படுத்துக. குறித்த நாள் கடந்ததும் மீதியைக் கொடுக்கலாகாது.

நோய் தணிந்ததும் நாமாகவே நிறுத்திவிடலாகாது. நலமில்லை என்று நாமாகவே நீட்டிக்கவும் ஆகாது. பல நோய்களுக்கு முன்னைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகுதியாக உண்பதும் நன்மையன்று. ஆகவே, நிறுத்த விரும்பினால் மருத்துவரைக் கேட்டே நிறுத்துக. காசநோய்க்கோ பல மாதச் சிகிச்சை உண்டு; அதில் ஒரு நாளும் விடுபடலாகாது.

முகமோ நாக்கோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் அடுத்த வேளை மருந்தை உண்ணாமல் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். உடலில் தடிப்பு, கடும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்டுக. இரண்டு மூன்று நாட்களாகியும் குணம் காணாவிட்டால் மருந்துக் கடையை மாற்றுவதில் பயனில்லை. மருத்துவரிடம் மீண்டும் செல்வதே முறை.

மாடு வளர்ப்போருக்கும் ஒரு சொல். மடிநோய்க்கு ஊசி போட்ட பசுவின் பாலைக் கால்நடை மருத்துவர் கூறிய நாட்கள் கழியும்வரை சங்கத்தில் ஊற்றலாகாது. கோழிக்கும் தீவனத்திற்கும் பயன்பட்டு வந்த கொலிஸ்டின் என்னும் மருந்தை, மனிதரைக் காக்கும் கடைசி மருந்துகளுள் ஒன்றாதலின், இந்திய அரசு 2019ஆம் ஆண்டில் கால்நடை வளர்ப்பில் தடை செய்தது.

சங்கத்தின் கடமை

ஆன்டிபயாடிக் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்றல் சட்டத்திற்கு மாறானது. அவற்றுள் மிக முக்கியமான சில, 2014 மார்ச்சு முதல் எச்-1 அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை விற்கையில் எழுதிக் கொடுத்த மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டு காத்தல் வேண்டும். அட்டையின் மேல் சிவப்புக் கோடு கண்டால், சீட்டின்றி உண்ணத்தகாத மருந்து என்று அறிக. இதனை மக்களுக்கு உணர்த்த 2016இல் மத்திய அரசு ஓர் இயக்கமே தொடங்கியது.

கூட்டுறவு மருந்தகங்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. அங்குள்ள பணியாளர் சிலர், “சீட்டுக் கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், விற்பனை குறைகிறது” என்று நம்மிடம் முறையிட்டதுண்டு. அவர்கள் இக்கட்டை நாம் அறிவோம்; ஆண்டு இறுதியில் விற்பனைத் தொகையைக் கேட்பவரும் நாமே. ஆயினும், அங்கத்தினருக்குத் தீங்கு செய்து ஈட்டும் ஆதாயம் கூட்டுறவுக்கு ஆதாயமாகாது. சீட்டுக் கேட்கும் பணியாளரை நிர்வாகக் குழுவினர் ஆதரித்து நிற்றல் வேண்டும். அங்கத்தினரும் அவர் மீது சினங்கொள்ளலாகாது. பொதுக்குழுக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடிந்தபின் கால்மணி நேரம் ஒதுக்கி, சுகாதார நிலையத்து மருத்துவரையோ செவிலியரையோ அழைத்துப் பேசச் செய்தால் பெரும்பயன் விளையும்.

நாம் மேற்கூறிய நெசவாளர் இப்பொழுது மீண்டும் தறியில் அமர்ந்துவிட்டார். நிர்வாகக் குழு அவருடைய தவணைக் காலத்தை நீட்டித்துக் கொடுத்திருக்கிறது. விடைபெறும்போது அவர் மரப்பெட்டியைத் திறந்து, எஞ்சிய ஐந்து மாத்திரைகளை எடுத்துக் காட்டி, “இவற்றை என்ன செய்வது, ஐயா?” என்று கேட்டார். கிணற்றிலோ வாய்க்காலிலோ போட வேண்டாம் என்றும், மருந்தகத்தில் கேட்டு அவர்கள் சொல்லும் வண்ணம் அப்புறப்படுத்துமாறும் கூறினோம். அவர் தலையசைத்துவிட்டு, “கடனில் மீதி வைத்தால் வட்டி ஏறும் என்று தெரியும், மருந்திலும் அப்படித்தான் என்று இப்போதுதான் தெரிந்தது” என்றார்.

நம் அங்கத்தினர் அனைவரும், அவர் கொடுத்த வட்டியைக் கொடாமலே இதனை அறிந்து கொள்வார்களாக.