இலத்தீனுக்கு முன்

1960களின் நடுவில் பூசை தமிழுக்கு மாறலாயிற்று. பொருள் விளங்காவிடினும் செவிக்குப் பழகிய இலத்தீன் ஓய்ந்தபோது, விசுவாசத்தின் ஒரு பகுதியே பறிபோனதாக நம் இல்லத்து முதியோர் பலர் வருந்தினர். அவ்வருத்தத்தை நாம் எளிதிற் புறந்தள்ளுவதற்கில்லை.

எனினும், 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டைக் கையிலெடுப்போமாயின் ஒன்று புலனாகும். நெடுநாள் வழக்கம் எது என்பதைச் சங்கத் தந்தையர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. மாற்றத்தின் வாயிலில் நின்று மூலத்தையே வினவினர்: திருவழிபாட்டைச் சீர்செய்கையில் அனைத்திற்கும் முன்னதாகக் கருத வேண்டியது யாது? மக்கள் அனைவரும் முழுமையாகப் பங்குகொள்வதே என்பது விடை. இறைவன் நிறுவியது மாறாதது, காலப்போக்கில் வந்து சேர்ந்தது மாறக்கூடியது என்று பிரித்தும் காட்டினர். இலத்தீனை அவர்கள் துரத்திவிடவில்லை. அது காக்கப்பட வேண்டுமென்றும் அதே ஏடு பணிக்கிறது. (இதனை நம்முட் பலர் படித்ததேயில்லை!)

இலத்தீன் எப்படி வந்தது? உரோமைக் கிறிஸ்தவர்கள் தொடக்கத்தில் கிரேக்க மொழியிலேயே வழிபட்டனர். மக்கள் நாவில் இலத்தீன் நிலைத்த பின்னர், நான்காம் நூற்றாண்டளவில் வழிபாடும் அம்மொழிக்கு மாறியது. அன்றைய உரோமையிலும் பழைய கிரேக்கச் செபங்களுக்காக ஏங்கிய பாட்டிமார் சிலர் இருந்திருக்கக் கூடும்.