கோலத்தின் இலக்கணமும் ஓர் ஆய்வுப் பட்டமும்

மார்கழி விடியலில் சூலூர்த் தெருக்களில் நடந்தால் வாசல்தோறும் கோலங்களைக் காணலாம். புள்ளிகளைச் சுற்றிக் கையை எடுக்காமல் கோட்டை இழுத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பது கம்பிக் கோலம்.

எம்.எஸ்சி. கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் வந்தாள். விசைத்தறித் தொழிலாளர் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். "கோலத்தை வெச்சுக் கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சி பண்ணோணும்னு ஆசைங்க சார். கோலம் போடறதுக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுப்பாங்களான்னு வீட்டுல கேக்கறாங்க" என்றாள். வீட்டாரின் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண்போம்.

ஓவியம், இசை, நெசவு, கோலம் போன்ற படைப்புகளைக் கணிப்பொறியின் துணையோடு ஆக்குவதையும் ஆராய்வதையும் படைப்புக் கணிமை எனலாம். அழகிய படம் ஒன்றைத் திரையில் வரைந்து காட்டினால் மட்டும் அது ஆய்வாகிவிடாது. அந்தப் படைப்பின் பின்னே நிற்கும் விதி எது, அவ்விதியால் எவையெல்லாம் உருவாகும், எவை உருவாகா என்று கேட்கும்போதுதான் ஆய்வு பிறக்கிறது.

ஒரு சிறு சோதனை

கட்டத்தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். 'கோ' என்றால் ஒரு கட்ட நீளத்திற்குக் கோடு இழுக்க வேண்டும். 'தி' என்றால் வலப்புறம் 90 பாகை திரும்ப வேண்டும். 'அ' என்பது விதை போன்றது. அதற்காக எதையும் வரைய வேண்டியதில்லை. நம் விதி ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு 'அ'வையும் நீக்கிவிட்டு, அதன் இடத்தில் 'அ கோ அ தி அ கோ அ' என்று எழுத வேண்டும். எல்லா 'அ'க்களையும் ஒரே வேளையில் மாற்ற வேண்டும்.

'அ தி அ' என்று தொடங்குவோம். விதியை ஒருமுறை செலுத்தினால் நான்கு கோடுகளாலான ஒரு சதுரம் கிடைக்கும். அதனுள் ஒரு புள்ளி வைக்கலாம். இரண்டாம் முறை செலுத்தினால் ஒரு கோடு, திருப்பம், மூன்று கோடுகள், திருப்பம், ஒரு கோடு, திருப்பம் என்ற வரிசை நான்கு தடவை வரும். வரைந்து பாருங்கள். நடுவில் ஒரு சதுரம், நான்கு மூலைகளிலும் நான்கு கண்ணிகள் என்று அமைந்து, 20 கோடுகளில் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். தாளைச் சற்றே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒன்று, மூன்று, ஒன்று எனப் புள்ளி வைத்த கம்பிக் கோலம்! அடுத்த முறைகளில் கோடுகள் 84 ஆகவும், 340 ஆகவும் பெருகும். எத்தனை முறை செலுத்தினாலும் கோலம் மூடியே நிற்கும் என்பதைக் கணித வழியில் நிறுவலாம்.

தாம்பரத்தில் நடந்த ஆய்வு

நாம் கையாண்ட முறை, தாவர வளர்ச்சியை விளக்க லிண்டன்மேயர் என்னும் அறிஞர் 1968-இல் அமைத்த முறையைச் சார்ந்தது. மொழியின் வாக்கியங்களைப் பிறப்பிக்கும் இலக்கண விதிகளைச் சாம்ஸ்கி 1956-இல் வகைப்படுத்தியிருந்தார். வாக்கியம் ஒரே வரிசையில் ஓடுவது. கோலமோ நீளமும் அகலமும் உடையது. அதற்கேற்ற இலக்கணத்தை அமைத்தவர்களுள் முன்னோடிகள் நம் நாட்டினரே.

தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கணிதப் பேராசிரியை ராணி சிரோமணி, பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியையான கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1972-இல் பட மொழிகளைப் பற்றியும், 1974-இல் கோலத்தின் இலக்கணத்தைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டனர். அவை பன்னாட்டு ஆய்விதழில் வந்தவை. நம் பெண்கள் வாசலில் இழுக்கும் கோடு, கணிப்பொறி அறிவியலில் இவ்வாறு இடம்பெற்றது.

பட்டம் பெறும் வழி

லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் படைப்புக் கணிமைக்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. நம் நாட்டில் கணிப்பொறித் துறையிலோ வடிவமைப்புத் துறையிலோ பதிவு செய்துகொண்டு இவ்வாய்வை மேற்கொள்ளலாம். மும்பை, குவாகாத்தி ஐ.ஐ.டி.க்களில் வடிவமைப்பில் டாக்டர் பட்ட ஆய்வு உண்டு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுகலையில் பொதுவாக 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆய்வுக்காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள். பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். நெட் தேர்வின் வழியே இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர்க்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அது கிட்டாதவர்கள் பொருள் வழியையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். நம் துறையில் நாட்டமுள்ள வழிகாட்டி கிடைப்பது அதைவிடவும் இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் கூறிவிட்டு அம்மாணவியிடம் ஒரு வேலையும் கொடுத்தேன்: "உங்க அம்மாவோட கோல நோட்டை எடுத்துப் பாரம்மா. இந்த விதிக்கு அடங்காத கோலம் எதுன்னு கண்டுபிடிச்சுட்டு வா."

மறுவாரம் அவள் பதினொரு கோலங்களோடு வந்தாள். அவற்றுள் ஒன்பது நம் விதிக்கு அடங்கவில்லை. அந்த ஒன்பதுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டா? இக்கேள்வியோடு அவள் வழிகாட்டியைத் தேடிச் செல்லலாம். வீட்டாருக்கும் விடை கிடைத்துவிட்டது. கோலம் போடுவதற்குப் பட்டம் இல்லை. கோலம் எழுப்பும் கேள்விக்கு விடை காண்பவர்க்கு உண்டு.