இடம் பெயர்ந்த கடற்கரை: கொற்கை முதல் காயல் வரை

நிலத்தை அசையாச் சொத்து என்று பத்திரங்களில் எழுதுகிறோம். ஒரு மனிதனின் வாழ்நாள் அளவில் அது உண்மையே. நூற்றாண்டுகளைக் கொண்டு அளந்தால் நிலமும் அசைகின்றது. அதனைத் தொடர்ந்து வாணிகமும், வாணிகத்தைத் தொடர்ந்து ஊரும் இடம் பெயர்கின்றன. இதனைப் பொருநை என்னும் தாமிரபரணியின் கழிமுகம் நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

கொற்கை

பாண்டியரின் பழந்துறைமுகம் கொற்கை. அதன் முத்தினைச் சங்கப் புலவர்கள் பாடினர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிபுளூசும், இரண்டாம் நூற்றாண்டினரான தாலமியும் அதனைக் குறித்துள்ளனர். மாநிலத் தொல்லியல் துறை 1968-69ஆம் ஆண்டில் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785ஆம் ஆண்டளவினது எனக் கணிக்கப்பட்டது.

அத்தகைய கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளடங்கிக் கிடக்கின்றது. காரணம் யாது? பொதிகை மலையில் பிறக்கும் ஆறு வண்டலைச் சுமந்து வருகின்றது; கடலைச் சேருமிடத்தில் அதன் விரைவு குறைய, சுமந்த மண் அடியில் படிகின்றது. துறை ஆழம் குன்றுகின்றது. மரக்கலங்கள் அணுக இயலாமற் போகின்றன. கரை கிழக்கே நகர நகர ஊர் உள்நாடாகி விடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு அகழ்ந்து பார்த்த கால்டுவெல் இக்காரணத்தை எடுத்துரைத்தார்.

காயல்

கொற்கை தளர்ந்தபின், ஆற்றின் வாயை ஒட்டிக் காயல் என்னும் புதிய துறை எழுந்தது. காயல் என்பது கடலோடு தொடர்புடைய உப்பங்கழியைக் குறிக்கும் சொல்; ஊரின் பெயரே நிலத்தின் இயல்பை உரைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இதனைப் பெருநகர் என்கிறார். ஏடன், ஹொர்முஸ் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் இங்கு வந்திறங்கின. அவை இந்நாட்டில் நெடுநாள் பிழைக்காமையால் பாண்டியர் ஆண்டுதோறும் புதியனவற்றை வாங்க வேண்டியிருந்தது. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறிக்கின்றார். பாண்டியரின் அமைச்சராக விளங்கிய தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் காயல் துறையும் இருந்தது.

இக்காயல் இன்றைய பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினமே என்பாரும் உளர். பழையகாயலில் சீனப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு மட்கல ஓடுகளும் சிதறிக் கிடந்ததை அவர் கண்டார். கொற்கையை உள்ளடங்கச் செய்த அதே வண்டல் பழையகாயலையும் கடலிலிருந்து விலக்கியது.

தூத்துக்குடியும் காயல்பட்டினமும்

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் வருகைக்குப்பின் வாணிகம் வடக்கே தூத்துக்குடியை நாடியது. ஆற்று வாயிலிருந்து விலகியும், சிறு தீவுகளின் மறைவிலும் அமைந்த இடம் அது. 1974இல் அது பெருந்துறைமுகமாயிற்று. முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. காயல்பட்டினத்தார் கடல் கடந்து இலங்கை முதலிய நாடுகளில் மணிக்கல் வாணிகத்தை வளர்த்துக் கொண்டனர். துறை இடம் மாறியபோதும் அவர்தம் தொழிலறிவு அழியவில்லை. பழைய கடலடி நிலத்திலோ நெல்லும் வாழையும் விளைகின்றன. ஆத்தூர் வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் தழைக்கின்றன. ஒருவர் இழந்த துறை மற்றொருவருக்கு வயலாயிற்று.

இன்றைய கடமை

இவை முடிந்துபோன செய்திகள் அல்ல. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரல், திருவைகுண்டம் வட்டாரங்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. வெள்ளம் பரவிப் பரவி ஆக்கிய தாழ்நிலம் அது என்பதை நாம் மறந்தாலும் ஆறு மறப்பதில்லை. வாய்க்காலை அடைத்தும், குளத்தைத் தூர்த்தும் மனை பிரிக்கும்போது, நீரின் பழைய வழியிலேயே வீடு கட்டுகிறோம். மேலும், அணைகள் வண்டலைத் தடுக்கின்றன, மணல் அள்ளப்படுகின்றது. முற்காலத்தில் கரை கடலை நோக்கி வளர்ந்தது. அவ்வளர்ச்சி இனியும் தொடரும் என எண்ணியிருத்தல் அறிவுடைமையாகாது.

பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைக் கண்டு தெளியுமாறு திருமறை நம்மை அழைக்கின்றது. குதிரை வாணிகத்தின் பெருமையைப் பேசுவதோடு நாம் அமைந்துவிடலாகாது. அத்துறை ஏன் தூர்ந்தது என்பதையும் பேச வேண்டும். ஊர்ப் பெரியோர் நினைவிலுள்ள பழைய வாய்க்கால், கழி, குளம் ஆகியவற்றின் பெயர்களையும், மீசான் கல்வெட்டுகளையும், பழம் பத்திரங்களில் காணும் நான்கெல்லைகளையும் மாணவர்கள் தொகுத்து எழுதி வைப்பார்களாயின், அதுவே தமிழுக்கும் ஊருக்கும் ஒருசேரச் செய்யும் தொண்டாகும். பெரியோர் இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.